ஆறு, ஏழு, எட்டு: யாரும் கவனிக்காத மூன்று வருடங்கள்!



போன செமஸ்டரில் ஒருநாள். மெஷின் ஷாப்பில் லேத் முன்னால் நின்றுகொண்டிருந்தோம். பக்கத்தில் நின்ற நண்பனின் சட்டைப் பையில் செல்போன் 'டிங்' என்றது. (வொர்க்‌ஷாப்பில் செல்போன் கூடாது என்பது இன்ஸ்ட்ரக்டருக்குத் தெரியும், அவனுக்குத்தான் தெரியாது!) திருட்டுத்தனமாக எடுத்துப் பார்த்தவன் சிரித்தான்.

"ஆயிரம் ரூபா வந்துருச்சுடா. சாயந்தரம் டீ என் கணக்கு."

டீ குடித்தேன். ஆனால் மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. அவனுக்கும் எனக்கும் ஒரே துறை, ஒரே பெஞ்சு. அவன் அப்பாவும் கூலி வேலை, என் அப்பாவும் கூலி வேலை. பத்தாம் வகுப்பில் அவனைவிட எனக்குப் பதினொரு மார்க் அதிகம். இருந்தும் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் அவனுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது; எனக்கு வராது. காரணம் பாலிடெக்னிக்கில் நடந்ததல்ல, பத்தாம் வகுப்பில் நடந்ததும் அல்ல. ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் நான் எந்தப் பள்ளியில் உட்கார்ந்திருந்தேன் என்பதுதான்!

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று ஐந்து வயதுக்குப் பழமொழி இருக்கிறது. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் ஊரே கூடிப் பேசுகிறது. ஆறு, ஏழு, எட்டைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நமக்கு அந்த வயது போய்விட்டது, உண்மைதான். ஆனால் நம் வீட்டில், நம் தெருவில் ஒரு தம்பியோ தங்கையோ இப்போது அந்த வகுப்பில் இருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் யாரும் கவனிப்பதில்லை?

2009-இல் கல்வி உரிமைச் சட்டம் வந்த பிறகு நம் பள்ளிகளில் எட்டு வரை யாரையும் பெயில் போடுவதில்லை. பயந்து பாதியில் நிற்கும் பிள்ளைகள் குறைந்தார்கள், நல்ல விஷயம்தான். ஆனால் வீட்டில் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். "எப்படியும் பாஸ்தானே, ஒன்பதுக்கு மேல பாத்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். எங்கள் வீட்டிலும் இதே கதைதான்.

நான் துறையூர் பக்கம் ஒரு கிராமம். ஐந்து வரை உள்ளூர் ஊராட்சி ஒன்றியப் பள்ளி. 2018-இல் ஆறாம் வகுப்புக்கு, மஞ்சள் வேன் வரும் ஒரு மெட்ரிக் பள்ளியில் அப்பா சேர்த்தார். அம்மாவின் செயின் அடகுக் கடைக்குப் போனது. "நாமதான் இப்படி ஆயிட்டோம், இவனாவது இங்கிலீஷ் பேசட்டும் சாமி" என்றார் அம்மா. அந்த ஆசையில் என்ன தப்பு சொல்ல முடியும்? இரண்டு வருடம் போனது. 2020-இல் கொரோனா வந்தது. அப்பாவுக்கு வேலை இல்லை, ஃபீஸ் கட்ட வழியில்லை. எட்டாம் வகுப்புக்கு டி.சி. வாங்கிக்கொண்டு அரசுப் பள்ளிக்கு வந்தேன். இரண்டு வருடத்தில் ஃபீஸ், வேன், புத்தகம் எல்லாம் சேர்த்து 46 ஆயிரம் ரூபாய். செயின் இன்னும் திரும்பவில்லை.

தனியார் பள்ளிக்குப் போகிறவர்கள் எல்லாம் ஏமாந்தவர்கள் என்று சொல்ல வரவில்லை. முதல் செமஸ்டர் கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷில் நான் தடுமாறாமல் பாஸ் செய்ததற்கு அந்த இரண்டு வருடம்தான் காரணம். நான் சொல்வது ஒன்றுதான்: எதை வாங்குகிறோம், எதை விற்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும். எங்களுக்குத் தெரியவில்லை.

பள்ளியைத் தேர்ந்தெடுப்பது எதையெல்லாம் தீர்மானிக்கிறது?

முதலில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020-இல் மருத்துவப் படிப்பிலும், 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளிலும் தமிழ்நாட்டில் சட்டம் போட்டு ஒதுக்கினார்கள். 'ஆறு முதல்' என்ற இரண்டு வார்த்தையை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு வருடம் வெளியே போய் வந்தாலும் சங்கிலி அறுந்துவிடும்.

இரண்டாவது, மாதம் ஆயிரம் ரூபாய். மாணவிகளுக்கான 'புதுமைப் பெண்' திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' 2024 ஆகஸ்டில் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிப் படிப்பை முடிக்கும் வரை அரசுப் பள்ளியில் படித்து, பட்டமோ டிப்ளமோவோ ஐ.டி.ஐ.யோ சேர்ந்தவர்களுக்கு என்று விதி வகுத்தார்கள். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் 2024-இல் சேர்த்துக்கொண்டார்கள். கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் வழி உண்டு. நான் ஃபீஸ் கட்டிப் படித்தவன். எனக்கு எந்த வழியும் இல்லை!

மூன்றாவது, பயிற்று மொழி. ஆறாம் வகுப்பு சேர்க்கையில் "தமிழ் மீடியமா, இங்கிலீஷ் மீடியமா?" என்று ஒரு வரியில் கேட்டு டிக் போட்டுவிடுகிறார்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்து, 2020-இல் திருத்தப்பட்டது. கடைசி வகுப்பை மட்டும் தமிழில் படித்தால் போதாது. பத்தாம் வகுப்பைத் தகுதியாகக் கொண்ட வேலை என்றால் ஒன்று முதல் பத்து வரை தமிழ் வழியில் படித்ததாகச் சான்றிதழ் தர வேண்டும். ஆறில் மாறினால் அந்த முன்னுரிமை போய்விடும்.

இங்கிலீஷ் மீடியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் டிப்ளமோவில் வரும் புத்தகத்தைப் பார்த்து முதல் செமஸ்டரில் தமிழ் மீடிய நண்பர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் அதற்கு மருந்து மீடியத்தை மாற்றுவது மட்டும்தானா? தினமும் பத்து இங்கிலீஷ் வரியைச் சத்தமாகப் படிப்பது ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு முடியாத காரியமா?

கணக்கு: அப்போது விட்டது, லேத்தில் பிடித்தது

நம்மில் எத்தனை பேருக்கு எம்-1 அரியர் என்று கேட்டால் பாதிக் கை தூக்கும். (என் கையும்தான்!) நாம் தோற்றது டிரிக்னாமெட்ரியில் என்று நினைக்கிறோம். உட்கார்ந்து பார்த்தால் மைனஸை மைனஸால் பெருக்கும் இடத்திலும், பின்னத்தைக் கூட்டும் இடத்திலும், (a+b)²-ஐ விரிக்கும் இடத்திலும்தான் விழுந்திருப்போம். இதெல்லாம் ஆறிலிருந்து எட்டுக்குள் படித்தவை.

ஒரு உதாரணம். லேத்தில் மரை வெட்டும்போது எந்தப் பல்சக்கரத்தைப் போடுவது? லீட் ஸ்க்ரூவின் பிட்ச் 6 மி.மீ., வெட்ட வேண்டிய மரையின் பிட்ச் 2 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஓட்டும் சக்கரத்துக்கும் ஓடும் சக்கரத்துக்கும் உள்ள விகிதம் 2/6, அதாவது 1/3. மேலும் கீழும் 20-ஆல் பெருக்கினால் 20/60. ஆகவே 20 பல் சக்கரம் ஓட்டும், 60 பல் சக்கரம் ஓடும். இதில் டிப்ளமோ கணக்கு எங்கே இருக்கிறது? முழுக்க முழுக்க ஏழாம் வகுப்பு விகிதம்!

எஞ்சினியரிங் கிராஃபிக்ஸும் அப்படித்தான். எட்டாம் வகுப்பு செய்முறை வடிவியலில் காம்பஸ் வைத்து நாற்கரமும் சரிவகமும் சாய்சதுரமும் வரையச் சொல்வார்கள். "பத்துல வேற வருது, விடு" என்று பெரும்பாலும் கடைசியில் தள்ளிவிடுவார்கள். அதை ஒழுங்காக வரைந்த பிள்ளைக்கு டிராயிங் ஹாலில் மினி டிராஃப்டரைப் பிடிக்கும்போது கை நடுங்காது.

ஆகவே தம்பி தங்கைக்கு டியூஷன் வைக்கக் காசு இருந்தால், ஐந்து பாடத்துக்கும் சேர்த்து வைக்காதீர்கள். கணக்குக்கு மட்டும் வையுங்கள். காசு இல்லையா? நீங்களே உட்காருங்கள். அவர்களுக்கு விகிதம் சொல்லிக்கொடுத்தால் நம் அரியரும் கிளியர் ஆகும்!

எட்டாம் வகுப்பில் ஒரு பரீட்சை

அடுத்து, நான் கோட்டைவிட்ட இன்னொன்று. தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு. பள்ளிகளில் சுருக்கமாக என்.எம்.எம்.எஸ். என்பார்கள். 2008-இல் மத்திய அரசு தொடங்கியது. அரசு, அரசு உதவி பெறும், உள்ளாட்சிப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு படிப்பவர்கள் எழுதலாம். ஏழாம் வகுப்பில் 55 சதவீதம் எடுத்திருக்க வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 5 சதவீதம் சலுகை. பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். நான்கு வருடத்துக்கு 48,000!

இரண்டு தாள். மனத்திறன் தேர்வில் 90 கேள்வி, படிப்பறிவுத் தேர்வில் 90 கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். படிப்பறிவுத் தாளில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. ஏழு, எட்டாம் வகுப்புப் பாடங்கள்தான். தப்பான விடைக்கு மார்க் குறைப்பது கிடையாது. 40 சதவீதம் தேர்ச்சி மதிப்பெண் (எஸ்.சி., எஸ்.டி.க்கு 32). ஆனால் தேர்ச்சி மட்டும் போதாது. தமிழ்நாட்டுக்கு ஒதுக்கிய இடம் 6,695. மார்க் வரிசைப்படிதான் கிடைக்கும்.

மனத்திறன் தாளில் என்ன கேட்பார்கள்? 3, 7, 15, 31, அடுத்து என்ன? (ஒவ்வொன்றையும் இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 63.) கண்ணாடியில் இந்த எழுத்து எப்படித் தெரியும்? இந்த நாலில் சேராதது எது? இதில் பெரிய சூத்திரம் கிடையாது, பழக்கம்தான். ஒரு வேடிக்கை பாருங்கள்: கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்த கம்பெனி கொடுத்த ஆப்டிட்யூட் தாளும், என் தங்கச்சியின் மனத்திறன் புத்தகமும் பல இடத்தில் ஒன்றேதான். அவள் போட்டுவிட்டாள், நான் முழித்தேன்.

எட்டாம் வகுப்பில் வகுப்பாசிரியர் அப்பாவுக்குப் போன் செய்து, "பையனை எழுதச் சொல்லுங்க, ஐம்பது ரூபாய்தான் கட்டணம்" என்றார். பள்ளிகூடமே மூடியிருந்த வருடம் அது. "வேணாம்ப்பா, ஸ்கூலே இல்ல, பரீட்சை எதுக்கு?" என்றேன். அப்பாவுக்கும் என்ன பரீட்சை என்று தெரியாது, விட்டுவிட்டார். அந்த வருடம் எங்கள் ஊரில் எழுதிய ஒரு பெண்ணுக்குக் கிடைத்தது. அவள் அண்ணன் ஆசிரியர் பயிற்சி படித்தவர். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். எனக்கு அப்படி ஒரு அண்ணன் இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

பாடத்துக்கு வெளியே: எதைப் பிடிப்பது, எதை விடுவது?

அந்த இரண்டு வருடத்தில் நான் தனியாகக் காசு கட்டிப் படித்தவை இரண்டு: அபாகஸ், இந்தி. அபாகஸ் ஆறு மாதம், இந்தியில் இரண்டு பரீட்சை. இன்று என்ன மிச்சம் என்று கேட்டால், வீட்டில் மாட்டியிருக்கும் சர்டிஃபிகேட்தான். இந்தி வேண்டாதது என்பதல்ல. புரியாமல் மனப்பாடம் செய்து எழுதியது நிற்கவில்லை. வேன் ஏறும் பையன்கள் எல்லோரும் சேர்ந்தார்கள், நானும் சேர்ந்தேன்.

மாறாக, பள்ளி மூடியிருந்த நாட்களில் மாமாவின் டூவீலர் பட்டறையில் போய் உட்காருவேன். ஒரு நாள் கார்புரேட்டரைப் பிரித்து, "மாட்டு பாப்போம்" என்றார். மூன்று தரம் தப்பாக மாட்டினேன். நாலாவது தரம் வண்டி ஸ்டார்ட் ஆனது. நான் மெக்கானிக்கல் எடுத்தது அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான்! அதற்கு ஒரு பைசா செலவில்லை.

செலவில்லாமல் பள்ளியிலேயே கிடைப்பவையும் நிறைய உண்டு. ஆறு முதல் எட்டு வரை அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கையால் சோதனை செய்து பார்க்க 'வானவில் மன்றம்' 2022 நவம்பரில் தொடங்கப்பட்டது. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் 'இன்ஸ்பயர் மானக்' திட்டத்தில் ஆறாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளின் சொந்த யோசனையைப் பள்ளி மூலம் அனுப்பலாம். தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய். ஓடுகிற பிள்ளை, குதிக்கிற பிள்ளை இருந்தால், விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளுக்கு ஏழாம் வகுப்பிலிருந்தே தேர்வு நடக்கும். பன்னிரண்டில் போய்க் கேட்டால் வயது தாண்டியிருக்கும். சாரணர், ஜூனியர் ரெட் கிராஸ், நூலகம், 'துளிர்' அறிவியல் இதழ் என்று இன்னும் சொல்லலாம்.

எல்லாவற்றிலும் சேர்க்க வேண்டாம், பிள்ளை தாங்காது. நான் தங்கச்சிக்கு வைத்துக்கொண்ட கணக்கு இது. ஒரு பரீட்சைக்குத் தயாராகட்டும். கையால் செய்யும் ஒரு வேலை பழகட்டும். ஒரு மாதம் கழித்து, நாம் சொல்லாமலே அவளாகப் போகிறாளா என்று பார்க்க வேண்டும். போகாவிட்டால் விட்டுவிட வேண்டும். சர்டிஃபிகேட்டுக்காக எதுவும் கிடையாது.

எட்டோடு நிறுத்திவிட நினைக்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. எட்டு பாஸ் செய்தால் ஐ.டி.ஐ.யில் வயர்மேன், வெல்டர் போன்ற பிரிவுகள் உண்டு. ஆனால் ஃபிட்டர், எலக்ட்ரீஷியனுக்குப் பத்து வேண்டும். பத்தும் இரண்டு வருட ஐ.டி.ஐ.யும் முடித்தவர் நம் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருடம் சேரலாம். நம் வகுப்பிலேயே அப்படி வந்த நண்பர்கள் ஒர்க்‌ஷாப்பில் நமக்கே ஆசான்கள். இன்னும் இரண்டு வருடம் பொறுத்தால் எத்தனை வழி திறக்கிறது என்று எடுத்துச் சொல்லுங்கள்.

வீட்டில் ஒரு வழக்கு

2023 ஜூன். நான் பாலிடெக்னிக் சேர்ந்த அதே மாதம் தங்கச்சி ஆறாம் வகுப்பு. அப்பா மறுபடியும் மஞ்சள் வேனைப் பற்றிப் பேசினார். "பொம்பளப் புள்ள, நல்ல ஸ்கூல்ல படிக்கட்டும்." அட்மிஷன் அன்று, சீனியர் அக்கா ஒருவர் புதுமைப் பெண் படிவத்துக்காக ஆறாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தார் என்று சான்று கொண்டுவந்திருந்ததைப் பார்த்திருந்தேன். அதை வைத்து வாதாடினேன்.

"அப்பா, இப்ப மாத்தினா இவ டிப்ளமோ சேரும்போது ஆயிரம் ரூபா கிடைக்காது. எட்டுல ஸ்காலர்ஷிப் பரீட்சையும் எழுத முடியாது. உங்க காசும் போயிரும், அவங்க காசும் வராது."

"உனக்குச் செஞ்சது தப்புங்கறியா?" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியது.

"தப்பு இல்லப்பா. அப்ப நமக்குத் தெரியாது. இப்ப தெரியும்."

அவர் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு அரசு மேல்நிலைப் பள்ளிக்குத்தான் போனார். அடுத்த வருடமே தமிழ்ப் புதல்வன் வந்து, நான் விடுபட்டபோது, "நீ அன்னிக்குச் சொன்னது சரிடா" என்று மட்டும் சொன்னார்.

இப்போது அவள் எட்டாம் வகுப்பு. இரவு எட்டு மணிக்கு நானும் அவளும் மனத்திறன் தாள் போடுவோம். ஆட்டுக்குட்டிக்குப் பால் புட்டியைத் தாங்கிப் பிடிக்க ஒரு கம்பிச் சட்டம் யோசித்து, பள்ளி மூலம் இன்ஸ்பயருக்கு அனுப்பினாள். தேர்வாகவில்லை. ஆனால் அளவு போட்டு ஸ்கெட்ச் வரையக் கற்றுக்கொண்டாள். "அண்ணே, டைமென்ஷன் கோட்டுல அம்புக்குறி இப்படித்தானே?" என்று கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷம் ஆயிரம் ரூபாயில் வராது.

உதவித்தொகைப் பரீட்சையில் அவளுக்குக் கிடைக்குமா கிடைக்காதா தெரியாது. ஆனால் தெரியாமல் போயிற்று என்று அவள் சொல்ல மாட்டாள்.

நாம் என்ன செய்யலாம்?

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் முதல் படிப்பாளி. நம் அப்பா அம்மாவுக்கு விவரம் சொல்ல வேறு ஆள் இல்லை. திட்டங்களும் விதிகளும் வருடத்துக்கு வருடம் மாறும். அதனால் ஆறாம் வகுப்பு சேர்க்கைக்கு முன்னால் தலைமை ஆசிரியரிடம் நேரில் போய்க் கேளுங்கள். டி.சி. வாங்குவதற்கு முன்னால் கேளுங்கள். வாங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை. எந்த வகுப்பு எங்கே படித்தார்கள் என்ற சான்றுகளை ஒரு பையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

நம் மாணவர் மன்றத்துக்கும் ஒரு வேண்டுகோள். வருடா வருடம் பேச்சுப் போட்டி, கோலப் போட்டி, விளையாட்டு விழா நடத்துகிறோம். வரும் ஆண்டு உதவித்தொகை விண்ணப்பம் வருவதற்கு முன்னால், சுற்றுவட்டார நடுநிலைப் பள்ளிகளில் ஒரே ஒரு சனிக்கிழமை மதியம் உட்காருவோம். துறைக்கு ஐந்து பேர் போதும். ஒரு கார்புரேட்டரைப் பிரித்துக் காட்டுவோம், பத்து மனத்திறன் கணக்குப் போடுவோம், பெற்றோரிடம் இந்த விவரங்களைச் சொல்வோம். முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குக் கிடைக்காத அந்த அண்ணனாக, நூறு பிள்ளைகளுக்கு நாம் இருந்துவிட்டுப் போவோமே!

— மூன்றாம் ஆண்டு மாணவன், மெக்கானிக்கல் துறை